யானை வியாபாரியின் மரண அறிவித்தல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே செத்துப்போன ஒரு மனிதரை நான் மறுபடியும் சாகடித்தேன். மெல்பேணின் டண்டினொங் பகுதியில் வீட்டுக்கு வீடு வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுச் சமைக்கிற நேரம் அது. அடுத்த கால் மணித்தியாலத்துக்குள் குறைந்தது மூன்று பேராவது அவருடைய செத்தவீட்டுக்குப் போக வெள்ளைச் சட்டை தேடத் தொடங்கிவிட்டார்கள். அதில் ஒருவர் என்னுடைய அப்பா.

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் ஸ்கொட்லாந்தில் பிறந்து, இளவயதில் கப்பலேறி, தென்னாபிரிக்கக் கரையில் இறங்கி, அங்கிருந்து பதினாறு எருதுகள் பூட்டிய வண்டியில் உள்நாட்டுக்குப் போனவர். யானை சுட்டார். சுட முடியாதபோது மற்றவர்கள் சுட்ட யானையின் தந்தத்தைத் துணிக்கும் மணிக்கும் துவக்குக்குப் போடுகிற வெடிமருந்துக்கும் மாற்றினார். வேட்டைக்காரரா வியாபாரியா என்று கேட்டால், காலையில் ஒன்று, மாலையில் மற்றது. அவருடைய நாட்குறிப்பு அந்தக் காலத்திலேயே அச்சாகி, பிறகு எல்லாராலும் மறக்கப்பட்டு, கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டு வைத்திருந்தார்.

எனக்கு அவர் கிடைத்தது நகரத்தின் மற்றப் பக்கத்தில், ட்ருகனினாவில், என் வேலையிடத்தில். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து முடித்தேன். வரலாறு படித்தவர்களுக்கு மெல்பேணில் என்ன கிடைக்குமோ அது எனக்கும் கிடைத்தது. ஒரு வெயர்ஹவுஸில், எந்தச் சரக்கு எவ்வளவு வர வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. மதிய இடைவேளையில் கைபேசியில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் வந்தது. மனிதர் அழாக்குறையாக எழுதியிருக்கிறார். ஆறு மாதம் வண்டி ஓட்டி, இரண்டு மூட்டை சிவப்பு மணி கொண்டுபோய் இறக்கினால், அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்த வருடம் நீல மணிக்கு மாறிவிட்டார்கள். சிவப்பைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்களாம். நான் சான்ட்விச்சைக் கீழே வைத்தேன். அன்றைக்குக் காலைதான் எங்கள் வெயர்ஹவுஸில், நான் திட்டம் போட்டு வரவழைத்த பச்சைத் தண்ணீர்ப் போத்தல்கள் நாலு பலேட் விற்காமல் திரும்பி வந்திருந்தன.

அன்றிலிருந்து எனக்கு அவர் பைத்தியம் பிடித்துவிட்டது. யானையைக் கொன்ற மனிதரை எனக்குப் பிடித்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் இவ்வளவு மோசமாக வேட்டையாடிய ஒருவர் அதை இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்திருப்பதை என்னால் விட முடியவில்லை. குழல் வாய்வழியாக வெடிமருந்து இடிக்கிற அவருடைய துவக்கு, யானையை விட அவரைத்தான் கூடுதலாகத் தாக்கியது. முதல் யானையைக் கண்டதும் மரத்தில் ஏறிவிட்டார். துவக்கு கீழே இருந்தது. அந்த நாட்டு அரசரின் சட்டப்படி, விழுந்த யானையின் எந்தத் தந்தம் நிலத்தைத் தொடுகிறதோ அது அரசருக்கு. நம் ஆள் ஒருமுறை, இரண்டு தந்தமும் வானத்தைப் பார்த்தபடி யானை விழுந்ததாகச் சாதிக்கப் பார்த்தார். அரசர் அவரை ஒன்பது நாள் வண்டியடியில் காக்க வைத்தார். பத்தாம் நாள் நிலத்தைத் தொட்ட தந்தம் எதுவென்று நம் ஆளுக்குத் தானாக நினைவு வந்தது.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி அம்மாவைக் களைக்க வைத்தேன். "உந்த வெள்ளைக்காரன் உனக்கு மாமனோ மச்சானோ?" என்று கேட்டுவிட்டு, "ரேடியோவில போய்ச் சொல்லன். அங்க கேக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம்" என்றார். கோபத்தில் சொன்னது. நான் அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பகுதிச் சமூக வானொலியில் ஞாயிறு பத்து மணியிலிருந்து பதினொன்று வரை தமிழ். அதன் ஒருங்கிணைப்பாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லாருக்கும் அங்கிள், எனக்கும் அங்கிள். சமையல் குறிப்பு சொல்லிவந்த அன்ரி மகளோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டதால் பத்து நிமிடம் காலியாக இருந்தது. அதற்கு ராசிபலன் சொல்கிற ஒருவர் ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டார். அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு கிழமை தாறன் பிள்ளை. நாலாம் கிழமை முடியிறதுக்குள்ள ஃபோன் அடிக்கோணும். மூண்டு லைனும் ஒருக்காவது ஒண்டா எரியோணும். எரியாட்டி ராசிபலன்."

கலையகத்துத் தொலைபேசியில் மூன்று சின்னச் சிவப்பு விளக்குகள் இருக்கும். எங்கள் நிகழ்ச்சியின் நன்மை தீமை எல்லாவற்றையும் அவைதான் தீர்மானிக்கும்.

முதல் கிழமை, கப்பலும் கரையும் சொன்னேன். அவருடைய பெயரை ஸ்கொட்லாந்துக்காரர் மாதிரியே உச்சரித்துக் காட்டினேன். ஒலிப்பலகையில் இருந்த அண்ணா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தொண்டையில ஏதாவது சிக்கிடுச்சா?" என்று சைகையில் கேட்டார். அதற்குப் பிறகு என் ஸ்கொட்லாந்துக்காரரை வெறும் 'ஐயா' என்று மட்டுமே சொன்னேன். இங்கேயும் அப்படியே விட்டுவிடுகிறேன். விளக்கு எதுவும் எரியவில்லை. இரண்டாம் கிழமை ஒன்று எரிந்தது: "தங்கச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி சொல்லுறவ இனி வரமாட்டாவோ?" மூன்றாம் கிழமை, அரசர் காக்க வைத்த கதையை உயிரைக் கொடுத்துச் சொன்னேன். ஒருவர் எடுத்து, தன்னுடைய கார் கோயில் வாசலில் யாரோ ஒருவருடைய காரை மறித்து நிற்கிறதா என்று கேட்டார். அது எனக்கு விளங்கவேயில்லை. மூன்று கிழமையும், என் கதை முடிகிற நேரம் வந்து சேர்ந்த அங்கிள் மட்டும், "காரில கேட்டனான், நல்லாப் போகுது" என்றார்.

அந்த மூன்றாம் கிழமைதான் கலையகத்தில் ஒன்றைக் கவனித்தேன். என் கதை முடிந்ததும் மரண அறிவித்தல். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இலங்கைத் தமிழர் வீட்டில் வானொலி எதற்கு இருக்கிறதென்றால் இதற்குத்தான். அந்தச் சோக இசை தொடங்கியதும் குசினியில் தண்ணீர்க் குழாய் மூடப்படும், குக்கர் அடுப்பு குறையும், பிள்ளைகளுக்கு "உஷ்!" விழும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் ஆவார். ஒரு ஆளின் முழு வாழ்க்கையும் ஒன்றரை நிமிடத்தில். அன்றைக்கு அதை வாசித்து முடிக்கும் முன்பே மூன்று விளக்கும் எரிந்தன.

நான் அந்த மூன்று விளக்கையும் ஒரு கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தின் கீழே, அதை வெளியிட்டவர், ஐயா ஓர் ஆற்றங்கரையில் காய்ச்சலில் இறந்தார் என்று இரண்டு வரி போட்டு முடித்திருந்தார். அந்த இரண்டு வரியை என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாலாம் ஞாயிறு அங்கிள் ஒரு திருமணப் பதிவுக்குப் போயிருந்தார். பத்தே முக்காலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒலிப்பலகையில் வழக்கம்போல அதே அண்ணா, கோயம்புத்தூர்க்காரர். கிழமை நாட்களில் ஐ.டி., ஞாயிறு எங்களுக்கு. நான் அந்தச் சோக இசையைப் போடச் சொன்னதும் அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. அங்கிள் என்னைக் கொன்னுடுவாரு."

"அண்ணா, ஏற்கெனவே ஒரு ஆள் செத்தாச்சு. இன்னொண்டு வராது. பேர் வாற இடத்தில மட்டும் மியூசிக்கைக் கொஞ்சம் கூட்டுங்கோ."

"எதுக்கு?"

"அந்தப் பேரைச் சொன்னா எல்லாரும் என்ர தொண்டையைப் பற்றித்தான் கேப்பினம்."

இசை எழுந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு வாசித்தேன். ஸ்கொட்லாந்தைப் பிறப்பிடமாகவும், தென்னாபிரிக்காவை வதிவிடமாகவும் கொண்ட பிரபல வர்த்தகர் (இங்கே இசை கூடியது) அவர்கள் திடீர்ச் சுகவீனத்தால் காலமானார். அன்னார் கரையோரப் பட்டினத்தில் வசிக்கும் அன்பு மனைவியின் ஆருயிர்க் கணவரும், இரண்டு புதல்வியரின் பாசமிகு தந்தையும், பதினாறு எருதுகளின் அன்பு எஜமானரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

எருதுகளைப் பற்றிச் சொன்னதும் எல்லாருக்கும் விளங்கிவிடும் என்று உண்மையிலேயே நினைத்தேன். மூன்று விளக்கும் ஒன்றாக எரிந்தன.

அண்ணா பாட்டொன்றைப் போட்டுவிட்டு, "எடு, எடு" என்றார். முதல் லைனில் ஓர் ஆண் குரல்.

"பிள்ளை, பேர் வாற நேரம் மியூசிக் கூடிப்போச்சு. ஆள் ஆர்?"

"அங்கிள், அவர் தென்னாபிரிக்காவில..."

"ஓமோம், அது விளங்கினது. ஸ்கொட்லாந்தில பிறந்தவர் எண்டா டொக்டரின்ர மகன்தான். எனக்கு நல்லாத் தெரியும். போன வருஷமும் ஒரு கலியாணவீட்டில கண்டு கதைச்சனான். சாகிற வயசில்லை பாருங்கோ. உடலை எங்க பார்வைக்கு வைக்கினம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவியிடம் திரும்பி, "நான் சொன்னன் எல்லோ, அவர்தான்!" என்று கத்துவது கேட்டது. அடுத்த லைனில் ஓர் அன்ரி அழுகிற குரலில் இருந்தார்.

"பதினாறு மாடு வைச்சிருந்தவராம். அப்ப ஃபார்ம் ஒண்டு இருந்திருக்கும். இனி அதுகளை ஆர் பிள்ளை பாக்கிறது?"

"அதுகளும் கனக்கச் செத்துப்போச்சு அன்ரி. ஒரு ஈ கடிச்சு."

"ஐயோ கடவுளே, அதுகளுமோ!"

நான் சொன்னது பொய்யில்லை. அங்கே எருதுகளைக் கொல்கிற ஓர் ஈ இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. செத்தவரைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. தெரியாது என்றால், நாளைக்கு அந்தக் குடும்பம் "செத்தவீட்டுக்கும் வரேல்லை" என்று மனதில் வைத்துக்கொள்ளுமே என்ற பயம்.

மூன்றாவதை எடுக்கும் முன் என் கைபேசி அதிர்ந்தது. அம்மா.

"ஆர் மோனை செத்தது? நாங்கள் போகோணுமோ? உன்ர சாமத்தியச் சடங்குக்கு அவையள் வந்தவையோ? கொப்பா வெள்ளைச் சேர்ட்டைத் தேடி அலுமாரியைக் கிளறுறார்."

"அம்மா, அது என்ர ஆள். யானைக்காரன்."

அம்மா அலுமாரிக் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு மிகவும் நிதானமாக, "அவன் எப்ப செத்தவன்?" என்றார்.

"விக்டோரியா மகாராணி காலத்தில."

"இஞ்சேருங்கோ!" என்று அம்மா வீட்டுக்குள் திரும்பிக் கத்தினார். "சேர்ட்டை வையுங்கோ! போகத் தேவையில்லை!"

சரியாக அந்த நேரம் அங்கிள் உள்ளே வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காரில் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கையில், அறிவித்தல்களை எழுதிவைக்கிற அவருடைய கொப்பி.

"நான் பாக்காமல் ஒரு மரண அறிவித்தலும் இந்த ரேடியோவில போனதில்லை. ஆர் தந்தது? குடும்பத்தில ஆரோட கதைச்சனி?"

"அங்கிள், அது என்ர கதை. நாலாம் பகுதி."

"என்ன நாலாம் பகுதி?"

கோயம்புத்தூர் அண்ணா கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"தென்னாபிரிக்காவுக்குப் போன ஐயா, அங்கிள். மூண்டு கிழமையும் காரில கேட்டனான், நல்லாப் போகுது எண்டு சொன்னியளே."

அங்கிளின் முகத்தில் ஒரு கணிதம் நடந்து முடிந்தது. "கேட்டனான்தான்," என்றார். "அது... சில இடத்தில சிக்னல் இல்லை."

ஆனால் அவர் லேசில் தோற்கிற ஆள் இல்லை. உடனே குரலை உயர்த்திக்கொண்டார். அறிவித்தல் என்றால் சனம் வேலைக்கு லீவு போடும், சிட்னியிலிருந்து பிளேன் ஏறும், அதோடு விளையாடக்கூடாது என்றார். அதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

"இப்பவே போய் மன்னிப்புக் கேள். இண்டையோட சரி. வாற கிழமை ராசிபலன்."

"அங்கிள், மூண்டு லைனும் ஒண்டா எரிஞ்சது."

"செத்தவீட்டுக்கு எரிஞ்சது கணக்கில்லை."

பாட்டு முடிய, ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அங்கிள் பக்கத்துக் கதிரையில், இன்னொரு ஒலிவாங்கியோடு. காலமானவர் ஒரு வரலாற்றுப் பாத்திரம், காலமாகி நீண்ட காலமாகிவிட்டது, பார்வைக்கு வைக்கப்படமாட்டார், சட்டை தேடியவர்கள் பொறுத்தருள வேண்டும் என்று சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு விளக்கு எரிந்தது. அங்கிள் நேரலையில் எடுக்கச் சொன்னார். நான் நன்றாக ஏச்சு வாங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"நான் மெரிலேண்ட்ஸில இருந்து கதைக்கிறன்," என்றது ஒரு பெண் குரல். சிட்னியிலிருந்து, இணையத்தில் கேட்கிறவர். "நான் நாலு கிழமையும் கேட்டனான். எனக்கு அந்தாள் எப்பவோ செத்தது தெரியும். நான் கேக்கிறது வேற. நீ ஏன் பிள்ளை மற்ற மனுசியை அறிவித்தலில போடேல்லை?"

"எந்த மனுசி அன்ரி?"

"இரண்டாம் கிழமை நீதானே சொன்னனி. உள்நாட்டில ஒரு பெண் அந்தாளுக்குச் சமைச்சுக் குடுத்து, காய்ச்சலுக்குப் பக்கத்தில இருந்து பாத்தவ எண்டு. ஒரு பெடியனும் பிறந்தது எண்டனி. அவையளை எங்க?"

சொன்னது உண்மைதான். ஒரே ஒரு வசனம், மூச்சு விடுகிற இடைவெளியில். சொன்னதையே மறந்துவிட்டேன். இதை வாசிக்கிற உங்களுக்கும் நான் சொல்லவில்லை, பாருங்கள்.

"புத்தகத்தில அவவின்ர பேர் இல்லை அன்ரி."

"பேர் இல்லை எண்டா ஆள் இல்லையோ? கரையில கதிரையில இருந்தவ ஆருயிர் மனைவி. பக்கத்தில இருந்து பாத்தவ ஒண்டுமில்லை. இதைத்தான் எங்கட ஆக்களும் செய்யிறவை. அங்கிள் அங்க இருக்கிறாரோ?"

"இருக்கிறன் தங்கச்சி," என்றார் அங்கிள், எச்சரிக்கையாக.

"அறிவித்தலில உறவு ஒண்டு விடுபட்டா நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். நேரலை. டண்டினொங் முழுக்க, மெரிலேண்ட்ஸ் வரை, குக்கர்கள் குறைந்திருந்தன.

"அடுத்த கிழமை திருத்தித் திரும்ப வாசிக்கிறது," என்றார் அங்கிள். "அது எங்கட ஒழுங்கு."

அந்தக் கிழமை மதிய இடைவேளைகளில் நான் சான்ட்விச் சாப்பிட்டதாக நினைவில்லை. புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். இம்முறை அவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் தேடினேன். அந்தப் பெண் பெயரில்லாமல் பல பக்கங்களில் நடமாடினாள். 'வீட்டிலிருப்பவள்' என்று இரண்டு இடத்தில். அரசர் காக்க வைத்த ஒன்பதாம் நாள் மாலை அவள்தான் அரசரின் தாயிடம் போய்ப் பேசி, தந்தத்தைக் கொடுத்தால் விட்டுவிடுவதாக வாக்கு வாங்கி வந்திருக்கிறாள். பத்தாம் நாள் ஐயாவுக்குத் தந்தம் தானாக நினைவு வந்ததாக நான் சிரித்துச் சிரித்துச் சொன்னேனே, அதன் காரணம் அதற்கு முந்தைய பக்கத்தில், இரண்டு வரியில் கிடந்தது. பையன், 'சின்னவனுக்கு இருமல்' என்று ஓரிடத்தில் மட்டும். ஐயா மரத்தில் ஏறிய அன்று யானை விழுந்தது உண்மை; சுட்டவர் கீழே நின்ற, ஐயா 'என் ஆள்' என்று மட்டும் எழுதிய வேலையாள். அதற்குப் பிறகு, ஈ இருக்கிற காட்டுக்குள் வண்டியும் குதிரையும் போக முடியாமல், நடந்து போய்ச் சுட்டதெல்லாம் அந்த ஆளும் அவருடைய கூட்டாளிகளும். ஐயா வண்டியடியில் இருந்து, 'நாங்கள் ஆறு யானை சுட்டோம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். நான் அதை நம்பி, அப்படியே டண்டினொங்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் ஞாயிறு இசை போடவில்லை. இது வரலாற்றுச் செய்தி என்று இரண்டு தரம் சொல்லிவிட்டே தொடங்கினேன். கடந்த வாரம் வாசிக்கப்பட்ட அறிவித்தலில் விடுபட்ட உறவுகள்: அன்னார் பெயர் எழுதப்படாத ஒரு பெண்ணின் கணவர், இருமல் வந்த ஒரு மகனின் தந்தை, யானைகளைச் சுட்டவரை 'என் ஆள்' என்று மட்டும் எழுதிவைத்த முதலாளியும் ஆவார். பத்து நிமிடம் போதவில்லை. நேரம் முடிந்தது என்று அங்கிள் கையால் கழுத்தை வெட்டிக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

திறந்தபோது மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. ஒருவரும் பார்வைக்கு எங்கே என்று கேட்பதற்கு எடுத்திருக்க முடியாது.

அங்கிள் தானே ஒன்றை எடுத்தார். கொப்பியைத் திறந்து, வழக்கம்போலப் பேனையை வைத்துக்கொண்டு, "ஓம், சொல்லுங்கோ," என்றார். நெடுநேரம் கேட்டார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சரிந்தார்.

"கரையில இருந்த பெட்டையள் ரெண்டுக்கும் தங்களுக்கொரு தம்பி இருக்கிறது தெரியுமோ எண்டு கேக்கினம். தெரியுமோ?"

"தெரியேல்லை அங்கிள். தேடோணும்."

"அப்ப தேடன்," என்றார், எரிச்சலோடு. "ராசிபலன்காரருக்கு நான் சொல்லுறன்."